முந்திரி எண்ணெய் குடித்த கிட்டார்

ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டையைத் தொடாமலேயே பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்ட ஒரே பெண் திலகவதி. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வறுத்த பருப்பின் வாசனையும் கொட்டை எரிகிற புகையும் சேர்ந்து மூக்கில் ஏறும் ஊர் அது. கொட்டகைக்குக் கொட்டகை பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொட்டையைத் தட்டி உடைத்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் விரல் நுனி கறுத்திருக்கும். திலகவதிக்குக் கறுக்கவில்லை. அவளுக்கு இடது கையில் நாலு விரல் நுனியும் காய்த்துப்போய், குண்டூசி குத்தினால்கூட உறைக்காத அளவுக்கு மரத்துக் கிடக்கும். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பியை அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு அது. கோயில் திருவிழாக்களில் மேடை போட்டு சினிமாப் பாட்டு வாசிக்கும் இன்னிசைக் குழு ஒன்றில் அவள் பத்தொன்பது வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறாள்.

கற்றுக்கொண்டது ஆவூரில். பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், அந்த ஊர் தேவாலயத்துப் பாடகர் குழுவில் ஒரு கிட்டார் சும்மா கிடந்தது. வாசித்துக்கொண்டிருந்த பையன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். திலகவதி அதை எடுத்துத் தட்டிப் பார்த்தபோது, விடுதிப் பிள்ளைகள் சிலர், "நீ வேற சாமி கும்புடுறவதானே?" என்று மடக்கினார்கள். அங்கிருந்த சிஸ்டர், "நீ எந்தச் சாமி கும்புடுறேன்னு கிட்டார் கேக்காது. விரல ஒழுங்கா வை" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாளைத் திலகவதி இன்றைக்கும் நினைத்துக்கொள்வாள். மற்றபடி அவள் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நல்லபடியாக நினைக்கிற ஆள் இல்லை. கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் வரும். ஒரு கல்யாணக் கச்சேரியில் குடித்துவிட்டு வந்த ஒருவன் மேடைக்கு ஏறி அவள் சேலையில் ரூபாய் நோட்டைக் குத்தப் பார்த்தான். பாட்டு நடுவில் இருக்கும்போதே ஒயரைப் பிடுங்கி அவன் காலடியில் எறிந்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

கல்யாணமாகி ஆதனக்கோட்டைக்கு வந்த மூன்றாம் நாளே சண்டை. மாமியார் முத்துமாரியம்மாள் ஒரு கூடை கொட்டையைக் கொண்டுவந்து புது மருமகள் முன்னால் வைத்தார். முந்திரிக்கொட்டைத் தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து, கொப்பளித்து, தோல் உரிந்துவிடும். பழகின கைக்கு ஒன்றும் ஆகாது. புதுக் கை என்றால் சோறு பிசைந்து சாப்பிட ஒரு வாரம் ஆகும். திலகவதி கூடையைத் தள்ளி வைத்தாள்.

"நான் ஒடைக்க மாட்டேன் அத்தை. கை போச்சுன்னா எனக்குத் தொழில் போச்சு."

"அப்ப எங்க கையெல்லாம் கை இல்லையாக்கும்?" என்று முத்துமாரியம்மாள் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனாலும் திலகவதி அசையவில்லை. மூன்று மாதம் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அவள் புருஷன் குணசேகரன்தான் நடுவில் நின்று, "விடு ஆத்தா. அவ பங்கையும் சேத்து நான் ஒடைக்கிறேன்" என்றான். வறுவல் கொட்டகையில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேச மாட்டான். ஆனால் சொன்னபடி செய்தான். பகலெல்லாம் கொட்டகையில் வறுத்துவிட்டு வந்து, சாயங்காலம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடை உடைப்பான். அந்த மனுஷனிடமே அவள் எட்டு நாள் பேசாமல் இருக்கும்படி ஆனது இந்தப் பங்குனியில்தான்.

ஆரம்பித்து வைத்தவன் முத்துராஜ். 'தேனருவி இன்னிசைக் குழு' அவனுடையது. திலகவதி குழுவில் சேர்ந்தபோது அவன் அரைக்கால் சட்டையோடு ஸ்பீக்கர் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன். அவன் அப்பா போன பிறகு முதலாளி ஆனான், கீபோர்டு வாசிப்பதும் அவன்தான். இப்போது குழுவின் பெயரில் யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். எந்தப் பாட்டு நன்றாக வந்தது என்று முன்பெல்லாம் பேசுவார்கள். இப்போது எந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் பேச்சு. மாசி மாதம் முழுக்க, "பிராக்டீஸ்க்கா, சும்மா பிராக்டீஸ்" என்று சொல்லி அவளை உட்கார வைத்து முப்பது பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கச் சொல்லி கம்ப்யூட்டரில் பதிவு செய்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் போனதும் வீட்டுக்கே வந்தான். காப்பி குடித்தான். பிறகு செல்போனை எடுத்து ஒரு வீடியோவை நிறுத்திக் காட்டினான். திலகவதியின் கிட்டார் திரை முழுக்கத் தெரிந்தது. நடுவில் மஞ்சளும் ஓரம் போகப்போகக் கறுப்புமாக ஒரு காலத்தில் இருந்த பெயிண்ட். இப்போது அவள் முன்கை உரசுகிற இடத்தில் தேய்ந்து திட்டாக மரம் தெரிந்தது. வேனிலிருந்து விழுந்த மூலையில் பெயிண்ட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. வீடியோவில் தெரியாத பின்பக்கத்திலோ சேலை ஊக்குக் கிழித்த கீறல் ஆயிரம்.

"கோரமா இருக்குக்கா" என்றான் முத்துராஜ். "கேமராக்காரன் அந்தப் பக்கம் திருப்பவே மாட்டேங்குறான். வர்ற பங்குனி இருவத்திரெண்டாந் தேதி திருமயம் பக்கத்துல பெரிய கச்சேரி. லைவ் போறோம். அதுக்குள்ள புதுசாக்கிருங்க. செவப்பு அடிங்க, பளபளன்னு செவப்பு."

"செவப்பா? ஏன், மஞ்சளுக்கு என்ன?"

"செவப்புதான்க்கா எடுப்பா இருக்கும். ஒங்களால முடியலைன்னா சொல்லிருங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

அந்த 'வேற ஏற்பாடு' அவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இறங்கியது. மேடையின் இடப்பக்கம், முன் வரிசை, மைக்குக்கு ஆறு அடி தள்ளி. பத்தொன்பது வருஷமாக அவள் நிற்கிற இடம். அந்த இடம் போய்விடும் என்று ஸ்பீக்கர் பெட்டி தூக்கினவன் அவள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்கிறான். டம்ளரைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தோன்றியது. பிடுங்கவில்லை. அவனுக்கு ஒரு சாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "அடிச்சுக் கொண்டாறேன்" என்றாள்.

திருச்சியில் இசைக்கருவிக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டாள். இருபது நாள் ஆகும் என்றார்கள். கையில் இருந்தது பதினாலு நாள். அன்று மதியமே கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெஞ்சைப் போட்டு கிட்டாரைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கம்பிகளைக் கழற்றினாள். நாலு திருகாணியைத் தளர்த்தியதும் நீளக் கழுத்து தனியாக வந்தது. அதைப் பழைய சேலையில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, உள்ளே போகிற ஒயர் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பற்றவைப்பை விடுவித்தாள். ஸ்பீக்கர் ஒயரைப் பற்றவைத்துப் பழகிய கை என்பதால் அதில் சிரமம் இல்லை. கடைசியில் வெறும் உடம்பு மட்டும் பெஞ்சில் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. கோபத்தில் இருக்கிறவளுக்குப் பாவம் பார்க்க ஏது நேரம்?

பழைய பெயிண்ட் கண்ணாடி போலக் கெட்டி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தாள்தான் மழுங்கியது. யூடியூப் வீடியோ ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் கையில் அனல் காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடித்துக்கொண்டு, வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் பெயிண்டை உரித்துக்கொண்டிருந்தான். புதுக்கோட்டையில் கார் ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் சொல்லி ஒரு ஹீட் கன் இரவல் வாங்கி வந்தாள். இவளுக்கு அப்படி உரியவில்லை. பங்குனி வெயில் தலைக்கு மேலே, ஹீட் கன் முகத்துக்கு நேரே. காட்டிக் காட்டி, பெயிண்ட் கொப்பளித்து எழும்போது தகரத்தால் நெம்பினால் நகத்தளவு பெயரும். பெயர்க்கிற ஒவ்வொரு சில்லுக்கும் முத்துராஜைத் திட்டினாள். முதல் நாள் வாய்க்குள் திட்டினாள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி திட்டினாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அங்கிட்டிருந்து, "முத்துராஜுங்கறது யாரு மதினி?" என்று கேட்டாள்.

பெயிண்ட் போனதும் உப்புத்தாள். முதலில் சொரசொரப்பு, பிறகு நடுத்தரம், பிறகு கையில் பட்டால் துணி மாதிரி இருக்கும் நைசு. மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கோடு விழும். விழுந்த கோட்டை எடுக்க மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கோபம் இருக்கிற கை குறுக்கேதான் இழுக்கும். மூன்று தடவை கோடு போட்டு மூன்று தடவை திரும்ப வந்தாள். ஆறாம் நாள் மத்தியானம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, கிட்டார் உரித்த பனங்கிழங்கு நிறத்தில் பளிச்சென்று கிடந்தது. ஊக்குக் கீறல் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முத்துராஜை அன்றைக்கு முழுநேரமும் திட்டாமல் விட்டாள்.

மறுநாள் காலையில் பெயிண்டுக்கு அடியில் பூசும் சீலரும் சிவப்பு ஸ்பிரே டப்பாக்களும் வாங்கப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். போகும்போது குணசேகரனிடம், "கொல்லையில கிட்டார் காயுது. ஆடு, கோழி ஏறாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மனுஷன் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இனிமேல் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தவளுக்குத் தெரு முனையிலேயே வாசனை தட்டியது. ஊரே நாறுகிற வாசனைதான், அதனால் சந்தேகப்படவில்லை. கொல்லைக்குப் போனாள். பெஞ்சின் மேல் கிட்டார் கருஞ்சிவப்பாக, ஈரமாக, மினுங்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் குணசேகரன் கையில் பழந்துணியோடு நின்றான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"என்னங்க இது?" என்றாள்.

"கொட்டையெண்ணெய். ஆலையில சொல்லி பச்சை எண்ணெயா வாங்கியாந்தேன், காய்ச்சாதது. அதுலதான் காரம் ஜாஸ்தி. ரெண்டு கோட்டு பூசிட்டேன்" என்றான். "வெறும் மரமா வெள்ளையாக் கெடக்குல்ல, கரையான் ஏறிப்புடும். நம்ம வீட்டு நெலைக்கு எங்கய்யா அடிச்சு நாப்பது வருசமாச்சு. ஒரு பூச்சி அண்டியிருக்கா?"

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். வாசல் நிலை, உத்திரம், மாட்டுக் கொட்டகைக் கால், எந்த மரமாக இருந்தாலும் முந்திரி எண்ணெயை ஒரு கை பூசிவிடுவார்கள். வெறும் மரத்தைக் கண்டால் அவர்களுக்குக் கை துறுதுறுக்கும். குணசேகரன் பெண்டாட்டியின் பொருளுக்கு நல்லது செய்கிறோம் என்று மனசாரத்தான் செய்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு மனம் ஆறலாம். இவனை என்ன கேட்பது?

ஆனாலும் கேட்டாள். "ஏங்க, இது கிட்டாரா, மாட்டுக் கொட்டாயிக்கு நட்ட காலா? இதுல பெயிண்ட் எப்புடிங்க ஒட்டும்? ஆறு நாள் இடுப்பு ஒடிய தேச்சேனே! நான் இதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வாசிக்கணும். என் கை என்ன ஒங்க கை மாதிரியா? வந்த நாள்லேருந்து இந்தச் சனியன் கையில படக் கூடாதுன்னு ஊரையே பகைச்சுக்கிட்டு இருக்கேன். அதைக் கொண்டாந்து என் கிட்டார்லயே பூசிட்டு நிக்கிறீங்களே!"

குணசேகரன் கையில் இருந்த துணியைப் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான். "தொடச்சு எடுத்துருவமா?" என்றான்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எட்டு நாள் எதற்குமே சொல்லவில்லை.

துடைத்துப் பார்த்தாள்தான். பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஊற்றித் தேய்த்தாள், உப்புத்தாளும் போட்டாள். வெயிலில் கிடந்த வெறும் மரம் ரெண்டு கோட்டையும் உள்ளே குடித்துவிட்டிருந்தது. மேலே தேய்த்தால் அடியிலிருந்து ஊறி வந்தது. மறுநாள் அவள் வலது முன்கை முழுக்கக் கொப்புளம். உள்ளங்கையில் தோல் வழன்று வந்தது. குணசேகரன் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளும் பேசாமல் கையை நீட்டினாள். பூசி முடித்ததும் கையை இழுத்துக்கொண்டு எழுந்துபோனாள். இப்படியே தினமும் காலையும் மாலையும் நடந்தது.

நாலு நாள் வெயிலில் போட்டுவிட்டு, துணிந்து சிவப்பு ஸ்பிரேயை அடித்துப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் அது பாலாடை போலச் சுருங்கியது. விரலால் தள்ளினால் மொத்தமும் வழித்துக்கொண்டு வந்தது. வழித்து எறிந்தாள். கச்சேரிக்கு இன்னும் இரண்டு நாள். இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. கை உறை போட்டுக்கொண்டு, போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைப் பற்றவைத்தாள். எண்ணெய் படாமல் தப்பித்த கழுத்தைப் பூட்டினாள். கம்பி மாட்டி, ஆம்ப்ளிபயரில் ஒயரைச் செருகி ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் அதே சத்தம். ஒரு குறையும் இல்லை. நிறத்தைப் பார்த்தால் நன்கு வறுபட்ட முந்திரித் தோட்டு நிறம். அழகாகக்கூட இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. தொட்டால் மட்டும் இன்னும் லேசாகப் பிசுபிசுத்தது.

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் அவள் திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வலது கை முழுக்கப் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தாள். கிட்டாருக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்துக்கொள்ள ஒரு மடித்த துண்டும் பையில் இருந்தது. மேடைக்கு எதிரே பெரிய பேனர். அதில் கொட்டை எழுத்தில், 'டிராக் கிடையாது! முழுக்க முழுக்க நேரடி வாத்திய இசை!' என்று போட்டிருந்தார்கள். பல ஊர்களில் இப்போது பாட்டின் இசையைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, மேடையில் சும்மா கையாட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் போன வருஷம் அப்படி ஒரு குழுவிடம் ஏமாந்து, கல்லெறியாத குறையாகத் துரத்தியவர்கள். வாத்தியத்தை ஆள் வாசிக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முத்துராஜிடம் கறாராகச் சொல்லித்தான் முன்பணமே கொடுத்திருந்தார்கள்.

மேடையில் ஏறியதும் திலகவதி தன் இடத்தைப் பார்த்தாள். அங்கே வேறு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். தலையிலிருந்து கால்வரை சிவப்பு உடுப்பு.

"இது ஹரிணிக்கா, புதுக்கோட்டைப் பொண்ணு. ரீல்ஸ் போடும், நல்ல பாலோயர்ஸ்" என்றபடி முத்துராஜ் ஓடி வந்தான். "கிட்டார ஹரிணிக்கிட்டக் குடுங்க. சும்மா புடிச்சுக்கிட்டு நிக்கும். மாசில ரெக்கார்டு பண்ணோம்ல, ஒங்க வாசிப்ப ஓட விட்டுக்கிறேன். நீங்க ஸ்பீக்கர் பெட்டிக்கு அங்கிட்டு சேர்ல உக்காந்துக்கங்க. சம்பளம் அப்புடியே உண்டு."

திலகவதிக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பிராக்டீஸ் எதற்கு, சிவப்பு எதற்கு, அந்த வேற ஏற்பாடு எது. கிட்டார் கோரமாக இருக்கிறது என்று அவன் சொன்னது கிட்டாரை இல்லை. தன்னை ஓரங்கட்டுவதற்கான சிங்காரத்தைத் தானே பதினாலு நாள் வெயிலில் உட்கார்ந்து செய்திருக்கிறோம் என்பதும் சேர்ந்து விளங்கியது. வாசிப்பு மட்டும் வேண்டும், வாசித்தவள் வேண்டாமாம்.

உறையிலிருந்து கிட்டாரை எடுத்தாள். முத்துராஜ் முகம் மாறியது. "என்னக்கா இது? செவப்பு சொன்னேன்ல?"

"பச்சைக் கொட்டையெண்ணெய் ஏறியிருக்கு தம்பி. இன்னும் காயல. தொடாதீங்க, வெந்துரும்."

"கதை விடாதீங்க. குடுக்க மனசில்லாம ஒரு எண்ணெய்க் கதை!"

"ரெண்டாந் தடவையும் சொல்றேன். தொடாதீங்க."

அவன் கேட்கவில்லை. அவள் கையிலிருந்து பிடுங்கினான். ஒயர் மாட்டும் துளையைத் தடவிப் பார்த்தான். பனியனோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு மேடையின் குறுக்கே நடந்துபோய், "இந்தாம்மா, புடி" என்று ஹரிணியிடம் நீட்டினான். பங்குனிப் புழுக்கத்தில் அவனுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் திலகவதிக்குக் கெட்ட புத்தி வந்ததை மறைக்க வேண்டியதில்லை. வாங்கட்டும், ராத்திரி முழுக்கக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடட்டும், நாளைக்கு ரீல்ஸ் எப்படிப் போடுகிறாள் என்று பார்ப்போம் என்று நினைத்தாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். ஒல்லிக் கை, வளையல் போட்ட புதுக் கை. கோபம் இருக்க வேண்டிய இடம் இது இல்லை என்று திலகவதிக்குப் பட்டது. தன் முன்கையில் சுற்றியிருந்த துணியைப் பரபரவென்று அவிழ்த்தாள்.

"இங்க பாரு பாப்பா. அந்தக் கிட்டாரத் தொட்டதுக்கு ஆன கதி. நீ வேணும்னா வாங்கிக்க."

உடைந்த கொப்புளமும் உரிந்த தோலுமாக இருந்த கையை ஹரிணி பார்த்தாள். நீட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். "எனக்கு வேணாண்ணா" என்றாள். பிறகு திலகவதியிடம், "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. கிட்டார் வாசிக்கிறவுங்க நின்னுட்டாங்கன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து விழாக் கமிட்டிக்காரர் அய்யாக்கண்ணு மேடைக்குக் கீழே வந்து நின்றார். "சவுண்டு பாத்தாச்சாப்பா? ஆறு மணிக்கு அம்மன் பாட்டு ஆரம்பிச்சிறணும். கிட்டார் யாரு வாசிக்கிறது? ஆளக் காணோம்?"

முத்துராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். டிராக்கை ஓடவிடலாம் என்றால் கிட்டாரோடு ஓர் ஆள் முன்னால் நிற்க வேண்டும். நிற்க வந்தவள் தொட மாட்டேன் என்கிறாள். வேறு கிட்டாருக்கு அந்த ஊரில் எங்கே போவது?

"நான்தாங்க வாசிக்கிறேன்" என்றாள் திலகவதி. துணியை மறுபடி கையில் சுற்றிக்கொண்டு, நேராகப் போய் அவன் கையிலிருந்து கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டினாள். "பத்தொம்பது வருசமா நான்தான். இதுக்கு மேலயும் நான்தான். இந்த இடத்துல நிப்பேன். இல்லேன்னா இப்பவே பஸ் ஏறுறேன். நீங்களே சொல்லுங்க தம்பி, இவுக கேக்குறாகல்ல."

அய்யாக்கண்ணு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "நில்லுங்கம்மா, யாரு ஒங்கள வேணாம்னது?" என்றார். முத்துராஜ் கீபோர்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

அன்றைக்கு அவள் வாசித்த வாசிப்பில் சுகம் ஒன்றும் இல்லை. கம்பியை அறுத்துவிடுகிற வேகத்தில் வாசித்தாள். கை எரிந்தது. எரிய எரிய இன்னும் வேகமாக வாசித்தாள். கேமராக்காரன் மூன்று மணி நேரமும் அவள் பக்கமே திருப்பி வைத்திருந்தான். ஹரிணி கோரஸில் நின்று கைதட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முத்துராஜ் போனில் படம் அனுப்பினான். இரண்டு உள்ளங்கையும் விரல்களும் வீங்கிக் கொப்பளித்திருந்தன. நெஞ்சில் கிட்டாரின் அளவுக்கே ஒரு சிவப்புத் தடிப்பு. அடுத்த நொடியே அழைத்தான்.

"யக்கா, என்னத்தக்கா தடவி வச்சிருக்கீங்க? வெரல மடக்க முடியல. நாளன்னைக்கு நார்த்தாமலைப் பக்கம் கச்சேரி. கீபோர்டுல நான் எப்புடிக் கைய வைப்பேன்?"

"ரெண்டு தடவ சொன்னேன் தம்பி."

"இப்ப என்னக்கா பண்றது?"

"தேங்கா எண்ணெ தடவுங்க. ஆற ஒரு வாரம் ஆகும்" என்றாள் திலகவதி. "கச்சேரிக்கு டிராக் போட்டுக்கங்க. ஒங்க கீபோர்டு முன்னால யாராச்சும் அழகா ஒரு ஆள நிறுத்துங்க. நீங்க பெட்டிக்கு அங்கிட்டு சேர்ல உக்காந்துக்கலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். குணசேகரன் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு காலைப் பூச்சுக்காக நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள். எட்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அந்தக் கொட்டையெண்ணெய் மிச்சம் இருக்கா?"

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அரை டப்பா கெடக்கு. கொண்டு போய் ஊத்திரட்டா?"

"ஊத்தாதீங்க" என்றாள் திலகவதி. "அடுத்த பங்குனிக் கச்சேரிக்கு வேணும்."